கிறிஸ்சோனா மலையில் அச்சான ஒரோமோ வேதாகமம்



மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு சரித்திரக் கட்டுரை கேட்டார்கள். எமது சபையின் சரித்திரத்தை எழுத என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆராதனைக்குக் கதிரை சுமந்தவர்கள் அவர்கள், அவர்களே எழுதட்டும். நான் வேறொரு ஜனத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர்களுடைய பெயர் ஒரோமோ. வசிப்பது கிழக்கு ஆபிரிக்காவில். "அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாசல் நகரத்திலிருந்து வடகிழக்கே பார்த்தால் காட்டு மலையொன்றின் மேல் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் தெரியும் அல்லவா? பிள்ளைகளே, கோடை நடைப்பயணத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள், சொசேஜ் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் சென்ற் கிறிஸ்சோனா. ஒரோமோ மொழியில் முழு வேதாகமமும் முதன்முதலாக அச்சானது அந்த மலையில், 1899இல்.

இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், நான் விட்ட ஒரு பிழையால்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வார்டுக்கு ஒரு வயதான தாயார் வந்தார். எதியோப்பியாவைச் சேர்ந்தவர். இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அனுமதிப் படிவத்தில் 'மொழி' என்று ஒரு கட்டம் உண்டு. கடவுச்சீட்டில் எதியோப்பியா என்று இருந்ததால் நான் யோசிக்காமல் 'அம்ஹாரிக்' என்று நிரப்பிவிட்டேன். அடுத்த நாள் அம்ஹாரிக் மொழிபெயர்ப்பாளர் வந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி எவ்வளவு என்று கேட்டாலும் பதில் இல்லை. குழப்பத்தில் இருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. முதியவர்களுக்கு சத்திரசிகிச்சையின் பின் குழப்பம் வருவது வழக்கம், ஆகவே ஒருவரும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் நாள் மருமகள் முறையான ஒரு இளம் பெண் வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு, "மாமிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவருடைய மொழி இது அல்ல" என்று ஜேர்மன் மொழியில் அமைதியாகச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் இந்த நாட்டுக்கு 14 வயதில் வந்தவள். எங்கள் குடும்பத்தை முதலில் விசாரித்த அலுவலகம் ஒன்றில், 'இலங்கையர்' என்பதற்காகச் சிங்களம் பேசும் ஒருவரை அழைத்து வைத்திருந்தார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளைதான் பின்னாளில் தாதியாகப் படித்து, இன்னொரு அம்மாவுக்கு அதையே செய்திருந்தேன்.

அன்று மாலை மருமகள் எனக்கு இரண்டு சொற்கள் சொல்லித் தந்தார். 'பிஷான்' என்றால் தண்ணீர். 'ந டுக்குபா' என்றால் எனக்கு வலிக்கிறது. நம்முடைய துக்கத்தைப் போல் காதில் விழுந்தது. இரண்டு சொல்லுக்கும் உறவு இல்லை, தற்செயல்தான். அந்த இரண்டு சொற்களோடு கட்டில் அருகே போனேன். அந்த அம்மா வாய் திறந்தார். பிறகு மருமகள் ஜன்னல் வழியே மலையைக் காட்டி, "எங்கள் வேதாகமம் அங்கேதான் அச்சடிக்கப்பட்டது, தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் தெரியாது. அதற்குப் பிறகு தேடித்தேடி வாசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரோமோ மக்கள் எதியோப்பியாவின் மிகப் பெரிய இனம். 2007ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். வட கென்யாவிலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய நாடு ஒரே மாதிரியானதல்ல. மேற்கே மழைக்காடும் கோப்பியும்; நடுவே குளிர்ந்த மேட்டுநிலம், பார்லியும் கோதுமையும்; தெற்கே போரானா பகுதியில் வறண்ட வெளி, மாடும் ஒட்டகமும், ஆழக் கிணறுகளும். அடிஸ் அபாபா என்று நாம் படிக்கும் தலைநகருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பின்பின்னே. கோப்பிக்கு 'புனா' என்பார்கள். கோப்பிக் கொட்டையை முழுசாக வெண்ணெயில் பொரித்து மரியாதையோடு பரிமாறும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஓட்டப் போட்டி பார்க்கும் பிள்ளைகளுக்கு அவர்களில் சிலரைத் தெரிந்திருக்கும். 1960இல் ரோம் நகரில் வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்ற அபெபே பிகிலா ஒரோமோ. 1992இல் பார்சலோனாவில் 10,000 மீற்றரில் தங்கம் வென்ற டெரார்டு துலுவும் ஒரோமோதான். உலகம் அவர்களை எதியோப்பியர் என்று மட்டும் அறிந்தது.

மதத்தில் அவர்கள் ஒரே கூட்டம் அல்ல. ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்கள். மற்றவர்களில் எதியோப்பிய ஓர்த்தடொக்ஸ் சபையினரும் சுவிசேஷ சபையினரும் அதிகம். 'வாகா' என்று அவர்கள் அழைக்கும் வானத்துக் கடவுளை முன்னோர் முறையில் வணங்குபவர்களும் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் கையில் பசும்புல்லோடும் பூவோடும் நீர்நிலைக்குப் போய் நன்றி செலுத்தும் இரேச்சா விழாவில் பல மதத்தவரும் சேர்ந்து நிற்பார்கள்.

அவர்களுடைய பழைய ஆட்சிமுறையான கடா பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் வயதின்படியும் தலைமுறையின்படியும் வகுப்புகளாகப் பிரிக்கப்படுவார்கள். எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வகுப்பு மேல் படிக்கு ஏறும். தலைமைக்கு வரும் வகுப்பு எட்டு வருடம் ஆளும். பிறகு இறங்கியே ஆக வேண்டும். ஐந்து அணிகள் மாறி மாறி வருவதால் ஒரு சுற்று முடிய 40 வருடம். ஓடா என்ற பெரிய அத்தி மரத்தின் கீழ் கூடிச் சட்டம் பேசுவார்கள். எந்தத் தலைவரும் எட்டு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது என்பதை எங்கள் சபை நிர்வாகத் தெரிவுக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு அந்தப் படிகளில் இடமில்லை. ஆனால் திருமணத்தில் பெண்ணுக்கு 'சிங்கே' என்ற ஒரு கோல் கொடுக்கப்படும். ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தக் கோலை ஏந்தி வெளியே வருவார்கள். தீர்வு கிடைக்கும்வரை வீடு திரும்ப மாட்டார்கள். கடா முறையை 2016இல் யுனெஸ்கோ மானிடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

16ஆம் நூற்றாண்டில் ஒரோமோக்கள் தெற்கிலிருந்து வடக்கும் மேற்கும் கிழக்குமாகப் பரவினார்கள். 1593ஆம் ஆண்டளவில் பாஹ்ரே என்ற எதியோப்பியத் துறவி இவர்கள் ஏன் வெல்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். எங்கள் சமூகத்தில் ஒரு சாரார் மட்டும் போருக்குப் போகிறார்கள், மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். அவர்களிடத்தில் சகலரும் போகிறார்கள் என்பது அவர் கண்ட காரணம். பகைவரைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியது பெரிய காரியம். ஆனால் அவரும் அவருக்குப் பின் வந்த ஐரோப்பியரும் இவர்களை வேறொரு பெயரால் அழைத்தார்கள். ஒரோமோக்கள் அதை இழிசொல்லாகக் கருதுகிறார்கள். பழைய மிஷனரிப் புத்தகங்களில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். நான் இங்கே அதை எழுதவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை தலைகீழானது. ஷோவாவின் அரசர், பின்னாளில் பேரரசர், இரண்டாம் மெனெலிக் ஐரோப்பியத் துப்பாக்கிகளோடு தெற்கே இறங்கினார். அர்சி ஒரோமோக்கள் 1886வரை எதிர்த்து நின்று தோற்றார்கள். ஜிம்மாவின் மன்னர் அபா ஜிபார் போரிடாமல் திறை கட்ட ஒப்புக்கொண்டார். ஒன்றை மறைக்கக்கூடாது: மெனெலிக்கின் பெரிய தளபதி கோபனா தாச்சே ஒரோமோதான். 1896இல் அட்வாவில் இத்தாலியரை முறியடித்து ஆபிரிக்கா முழுவதையும் நிமிர வைத்த மெனெலிக்கின் படையில் ஒரோமோக் குதிரை வீரரும் இருந்தார்கள். அதே மெனெலிக்கின் சிப்பாய்களுக்குத்தான் ஒரோமோ விவசாயிகளின் நிலம் பங்கிடப்பட்டு, விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே ஊழியம் செய்ய வேண்டி வந்தது. அட்வாவைக் கொண்டாடும் ஒருவரிடமும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். இரண்டும் உண்மை.

இந்தக் காலம் முழுவதும் இன்னொரு கொடுமை நடந்தது. பிள்ளைகளைப் பிடித்து விற்பது. மேற்குக் காடுகளிலிருந்து கால்நடையாக மாதக்கணக்கில் நடத்தி, செங்கடல் துறைமுகங்களில் கப்பலேற்றி அரேபியாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பினார்கள். விற்றவர்களில் ஒரோமோச் சிற்றரசர்களும் அடக்கம். அப்படி விற்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தார்கள். பவுலின் பாத்மே என்ற ஒரோமோப் பெண் எகிப்து வழியாக ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்டு, கோர்ன்டால் என்ற ஊரில் 1852இல் ஞானஸ்நானம் பெற்றாள். தன் ஜனத்திடம் திரும்பிப் போக வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. 1855இல், இருபத்தைந்து வயதும் ஆகாத நிலையில், ரீஹனில் மரித்தாள். ட்ராமில் நாங்கள் கடந்து போகும் அதே ரீஹன்தான். அவளுடைய கதையைக் கேட்டு அசைந்தவர்களில் ஒருவர் ஸ்பிட்லர். ரீஹனில் டீக்கனஸ் சகோதரிகளின் இல்லத்தை 1852இல் தொடங்கியவரும், கிறிஸ்சோனா மலையின் இடிந்த தேவாலயத்தில் 1840இல் பயணி மிஷனைத் தொடங்கியவரும் அவரே. பாசல் மிஷனில் பயின்ற கிராப் என்ற மிஷனரி 1839 முதல் 1842வரை ஷோவாவில் இருந்து, ஒரோமோ மொழியைக் கற்று, சுவிசேஷப் பகுதிகளை மொழிபெயர்த்துப் பார்த்தார். வயதான காலத்தில் அவர் ஒரோமோப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோதும் அச்சானது கிறிஸ்சோனாவில். ஆனால் அது வெளியூர்க்காரர் ஒருவர் பிறரிடம் கேட்டுக்கேட்டுச் செய்த வேலை. ஒரோமோக்களின் வாயிலிருந்தே வந்த வேதாகமம் பிறகுதான் வந்தது.

1856ஆம் ஆண்டளவில் இலுபாபோர் என்ற மேற்குப் பகுதியில் ஒரு பையன் பிறந்தான். பெற்றோர் அவனுக்கு ஹீக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு 'மொழிபெயர்ப்பவன்' என்று பொருள். சிறுவயதில் தகப்பனை இழந்தான். ஆள்பிடிகாரர் அவனைத் தாயிடமிருந்து பறித்தார்கள். கைமாறிக் கைமாறி 1870இல் செங்கடல் கரையிலுள்ள மசாவாவுக்கு வந்தான். அங்கே அவனை விடுவித்தவர் வேர்னர் முன்சிங்கர், எங்கள் ஓல்டன் நகரத்தவர்! பிள்ளைகளே, சூரிச்சுக்குப் போகும்போது ரயில் நிற்குமே, அந்த ஓல்டன். முன்சிங்கரைப் புனிதராக்க நான் வரவில்லை. இன்று பிரான்சுக்கும் நாளை எகிப்துக்குமாக ஆபிரிக்காவில் அதிகாரம் தேடிய மனிதர், கடைசியில் ஒரு படையெடுப்பில் கொல்லப்பட்டார். இருந்தாலும் இந்தப் பையனை விடுவித்து சுவீடன் மிஷனரிகளின் பாடசாலையில் சேர்த்தது அவர்தான்.

1872ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பையன் ஞானஸ்நானம் பெற்றான். எடுத்துக்கொண்ட பெயர் ஒனேசிமோஸ். பிலேமோனுக்கு பவுல் எழுதிய நிருபத்தில் வரும் அடிமையின் பெயர் அது என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இப்போதே கையை உயர்த்துவார்கள். பிறகு ஐந்து வருடம் சுவீடனில் ஜோஹன்னலுண்ட் என்ற வேதாகமப் பாடசாலையில் படித்தார். 1881இல் சொந்த நாட்டுக்குப் புறப்பட்டார். சூடான் வழி போய்க் காய்ச்சலில் விழுந்து திரும்பினார். மறுபடியும் வேறு வழியாகப் போய் மெனெலிக்கின் அப்போதைய தலைநகரான என்டோட்டோவரை சென்றார். அங்கிருந்து மேலே போக அனுமதி கிடைக்கவில்லை. வாசல் அடைபட்டதால் மசாவா அருகிலுள்ள இம்குல்லு மிஷனில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1893இல் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சானது.

ஆனால் அவருக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அவர் மொழியை விட்டுப் பிரிந்தபோது சிறுவன். வளர்ந்தது அரபும் தீக்ரின்யாவும் சுவீடிஷும் கேட்கும் இடங்களில். எங்கள் பிள்ளைகளுக்கு 'பசி', 'தூக்கம்', 'வா', 'போ' எல்லாம் தமிழில் வரும். 'உடன்படிக்கை', 'நீதிமானாக்கப்படுதல்' என்று வந்தால் திகைப்பார்களே, அதேபோல. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயர் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அருகில் ஆறுமுக நாவலர் இருந்தார்; அவருக்குப் பின்னால் ஈராயிரம் வருட நூல்கள் இருந்தன. ஒனேசிமோஸுக்குப் பின்னால் ஒரு நூல்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஜனங்களின் நாவில். அந்த ஜனங்களிடம் போக அவருக்கு வழியில்லை.

அவருக்குக் கிடைத்த உதவி ஒரு இளம் பெண். அஸ்தேர் கன்னோ, 1872 அளவில் பிறந்தவள். லிம்மு ராச்சியத்தின் அரசன் அவளைப் பிடித்து விற்றான். அரேபியாவுக்குப் போன படகை 1886இல் இத்தாலியக் கப்பலொன்று மறித்ததால் விடுதலையானாள். இம்குல்லுப் பாடசாலையில் சேர்ந்தபோது பதினான்கு வயதளவு. ஹீக்காவைப் போலன்றி, மொழி முழுதும் அவளிடம் இருந்தது. அவளுடைய ஞாபகசக்தியைக் கண்டு ஆசிரியர்கள் அதிசயித்தார்கள். ஊரில் கேட்ட பாட்டு, விடுகதை, பழமொழி, கட்டுக்கதை என்று சுமார் 500ஐ நினைவிலிருந்தே எழுதினாள். ஒரோமோச் சொற்களைத் தொகுத்துப் பல ஆயிரம் சொற்கள் கொண்ட அகராதி ஒன்றுக்கு அடித்தளம் போட்டாள். 1894இல் ஒரோமோப் பிள்ளைகளுக்கான முதல் வாசிப்புப் புத்தகம் அவளும் ஒனேசிமோஸும் சேர்ந்து செய்தது. வேதாகமத்தில் ஒனேசிமோஸ் தடுமாறிய இடங்களில் சரியான சொல்லைத் தேடிக் கொடுத்தவளும் அவள்தான்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த ஆள் அஸ்தேர். அவளை விற்றவர்கள் அவளிடமிருந்து வீடு, தாய், உடுப்பு எல்லாம் எடுத்தார்கள். சொற்களை எடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் 1899இல் வந்த வேதாகமத்தைப் பற்றிப் பேசுகிற பலர் ஒனேசிமோஸின் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். மருமகள் அப்படிச் சொல்லவில்லை. முதலில் சொன்ன பெயரே அஸ்தேர்தான்.

அச்சு வேலைக்காக ஒனேசிமோஸ் தாமே கிறிஸ்சோனாவுக்கு வந்து தங்கிப் பிழை திருத்தினார். எதியோப்பிய எழுத்து அச்சுகள் அந்த மலையில் ஏற்கனவே இருந்தன. அம்ஹாரிக் வேதாகமமும் அங்கே அச்சானதுதான். பனிக்காலத்தில் அந்த மலையில் எவ்வளவு குளிரும் என்று எங்களுக்குத் தெரியும். அடிமையாக விற்கப்பட்டவர், தன் தாய்மொழியில் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம்வரை ஒவ்வொரு எழுத்தாக அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

1904இல் ஒனேசிமோஸ், அஸ்தேர் முதலானோர் கடைசியாக ஒரோமோ நாட்டுக்குள் நுழைந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வொல்லேகாவில் போஜி என்ற இடத்திலும் பிறகு நெகெம்தேயிலும் பாடசாலை நடத்தினார்கள். நெகெம்தேயின் ஆளுநர் கும்சா மொரொடா ஒரோமோ, அவர் வரவேற்றார். ஜனங்களுக்கு விளங்கும் மொழியில் பிரசங்கம் என்றதும் கூட்டம் திரண்டது. உள்ளூர்க் குருமார் கோபித்தார்கள். 1906இல் அடிஸ் அபாபாவில் பேராயர் முன் நிறுத்தப்பட்டு நாடுகடத்தத் தீர்ப்பானது. மெனெலிக் தலையிட்டு, நெகெம்தேக்குத் திரும்பலாம், பிரசங்கிக்கக் கூடாது என்றார். 1916இல் லிஜ் இயாசு ஆட்சியில்தான் பகிரங்கமாகப் போதிக்க அனுமதி வந்தது. ஒனேசிமோஸ் 1931இல் நெகெம்தேயில் மரித்தார். அஸ்தேர் 1964வரை வாழ்ந்தார்.

செங்கடலில் மீட்கப்பட்ட எல்லோருக்கும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. 1888இல் பிரித்தானியக் கடற்படை மறித்த படகுகளிலிருந்த ஒரோமோப் பிள்ளைகளில் 64 பேர் ஏடன் வழியாக 1890இல் தென்னாபிரிக்காவின் லவ்டேல் மிஷனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி பிஷோ ஜார்சா. அவளுடைய பேரன் நெவில் அலெக்சாண்டர், மண்டேலா இருந்த ரொபன் தீவுச் சிறையில் பத்து வருடம் இருந்தவர். வெளியே வந்தபின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று ஆயுள் முழுவதும் வாதாடியவரும் அவர்தான்.

அச்சான வேதாகமத்துக்கு என்ன நடந்தது? பேரரசர் ஹெய்லே செலாசியின் காலத்தில் 'ஒரே நாடு, ஒரே மொழி' என்ற நினைப்பு வலுத்தது. 1944இல் வந்த கட்டளை மிஷன் பாடசாலைகளில் போதனா மொழி அம்ஹாரிக் என்றது. ஒரோமோ மொழியில் அச்சடிப்பதும் கற்பிப்பதும் அடைபட்டன. வேதாகமத்தை அவர்கள் மொழியில் வைத்துக்கொண்டே அம்ஹாரிக்கில் ஆராதனை நடந்த இடங்கள் உண்டு. கிழக்கே ஹரர் பகுதியில் ஷேக் பக்ரி சபாலோ என்ற முஸ்லிம் அறிஞர் 1956இல் ஒரோமோ மொழிக்கென்று புதிய எழுத்தையே உருவாக்கினார். 1956 என்றதும் எங்களில் மூத்தவர்களுக்கு எங்கள் தீவில் வந்த சட்டம் நினைவுக்கு வரும். சபாலோவின் எழுத்தில் ஜனங்கள் கடிதம் எழுதத் தொடங்கியதை அரசு கண்டுகொண்டது. அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1980இல் சோமாலியாவில் ஒரு அகதி முகாமில் இறந்தார்.

அஸ்தேர் கற்பித்த போஜியில் 1929இல் பிறந்தவர் குடினா தும்சா. இளவயதில் நெகெம்தே வைத்தியசாலையில் காயங்களுக்கு மருந்து கட்டும் வேலை செய்தார். (எங்கள் தொழில்காரர் என்று இதை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.) பின்னர் போதகராகி, எதியோப்பிய சுவிசேஷ மெக்கானே யேசுஸ் சபையின் பொதுச் செயலாளரானார். 1974இன் பின் வந்த இராணுவ ஆட்சி சபையைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தபோது அவர் இணங்கவில்லை. நாட்டைவிட்டு வெளியேற வழி கிடைத்தும் மறுத்தார். 1979 ஜூலை 28ஆம் திகதி அடிஸ் அபாபாவில் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் எங்கே என்று 1992வரை தெரியவில்லை. மனைவி ட்செஹாய் தொலேசா பத்து வருடம் சிறையில் இருந்தார்.

அந்த ஆட்சி 1991இல் விழுந்தது. அதே வருடம் நவம்பர் 3ஆம் திகதி ஒரோமோ அறிஞர்கள் கூடி, தங்கள் மொழியை இனி லத்தீன் எழுத்தில் எழுதுவதென்று முடிவெடுத்தார்கள். அந்த எழுத்துமுறைக்கு 'குபே' என்று பெயர். ஒனேசிமோஸின் வேதாகமம் எதியோப்பிய எழுத்தில் அச்சானது. அதை விட்டுவிடுவதா என்று சிலருக்கு வருத்தம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாமாலையை ஜேர்மன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடும்போது எனக்கு வரும் அதே வருத்தம். ஆனால் காரணத்தைக் கேட்டபின் நியாயம் தெரிந்தது. எதியோப்பிய எழுத்தில் உயிர் வரிசை ஏழுதான். ஒரோமோவில் ஐந்து குறில், ஐந்து நெடில். தமிழைப் போலவே குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறிவிடும். 'லஃப' என்றால் நிலம். 'லாஃபா' என்றால் மென்மையானது. குபேயில் நெடில் வந்தால் உயிரெழுத்தை இரண்டு தடவை எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதிகம் வேலையில்லாமல் இருக்கும் எக்ஸ், கியூ போன்ற எழுத்துகளுக்கும் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஒலிகளைக் கொடுத்து வேலை வாங்கினார்கள். இன்று ஒரோமியாப் பிராந்தியத்தில் பிள்ளைகள் அந்த எழுத்தில்தான் படிக்கிறார்கள். மொழிக்கு இடம் கிடைத்தது என்பதால் எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். அந்த நாட்டில் இன்னமும் ஜனங்கள் இடம்பெயர்கிறார்கள், இங்கேயும் வருகிறார்கள்.

வார்டில் இருந்த அம்மா இரண்டு கிழமையில் நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்தார். புனர்வாழ்வு நிலையத்துக்கு மாற்றும் நாளில் புதிய படிவம் வந்தது. 'மொழி' என்ற கட்டத்தில் நான் இந்த முறை லத்தீன் எழுத்தில் 'ஒரோமோ' என்று எழுதி, சரியா என்று அவரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை எடுத்தார். கையில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. சொல்லின் கடைசியில் இன்னொரு 'ஓ' சேர்த்தார்.

"கடைசி எழுத்து நெடில்" என்று மருமகள் எனக்கு விளக்கினார்.